உயர்திணைக்கு மஞ்சள்

எல்டோரெட்டில், சந்தைக்குப் பின்னால்,
மாவு மில்லுக்கு மேலே மூன்றாம் மாடியில்
இரவு பத்துக்கு ஜெரோடிச் உட்காருவாள்.
கீழே மக்காச்சோளம் அரைபடும் அதிர்வு
நாற்காலி வழியாக முதுகுத்தண்டில் ஏறும்.

திரையில் எங்கோ ஒரு நகரம்.
பனி பெய்து ஓய்ந்த தெரு.
ஏதோ ஒரு காரின் நெற்றிக்கண் எடுத்த படம்.
அவள் வேலை கட்டம் கட்டுவது.

மனிதருக்கு மஞ்சள்.
வண்டிக்கு நீலம்.
கம்பத்துக்கும் தொட்டிக்கும் சாம்பல்.
நாய் தனியாக வந்தால் பச்சை,
கயிற்றோடு வந்தால்
பிடித்திருப்பவரோடு சேர்த்து ஒரே கட்டம்.

விதிப் புத்தகம் அறுபத்திரண்டு பக்கம்.
சுவரொட்டியில் சிரிப்பவள் மனிதர் அல்ல.
கடைக் கண்ணாடியில் தெரிபவர் மனிதர் அல்ல.
துணிக்கடைப் பொம்மை, கண்டிப்பாக அல்ல.
மரத்துக்குப் பின்னால் ஒரு முழங்கை மட்டும் தெரிந்தால்
மீதி உடம்பை ஊகித்துக் கட்டு.
முழங்கை இருந்தால் ஆள் இருந்தே தீர வேண்டும்.
இந்த ஒரு விதி மட்டும் அவளுக்குப் பிடிக்கும்.
பாதிரியார்கூட எதையும் இவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை.

சிவப்புக் குடைக்காரரை இதுவரை
நாற்பத்தொரு தடவை கட்டியாயிற்று.
ரொட்டிக் கடைக்குப் போகிறார், வருகிறார்.
திங்களன்று குடை இல்லை,
இடது காலைச் சற்று இழுத்து நடந்தார்.
புதன்கிழமை ஆளே இல்லை.
பக்கத்து நாற்காலி நசிமியுவிடம் கேட்டாள்:
"உன் படத்தில் வந்தாரா?"
"யார்?"
"குடை."
"எனக்கு இந்த வாரம் லாரிகள் மட்டும்தான்."
வியாழன் வந்துவிட்டார்.
அன்றைக்கு மந்தாஸி இரண்டு வாங்கித் தின்றாள்,
காரணம் சொல்லவில்லை.

அவர் முகத்தைப் பார்த்ததே கிடையாது.
முகங்களைக் கலைத்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள்.
தனியுரிமையாம்.
குழைந்த களி போல ஒரு முகம்,
கீழே அத்தனை திருத்தமாகக் கோட்டுப் பொத்தான்கள்.

மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டாவது படம்.
பேருந்து நிறுத்தம். இருக்கைக்குக் கீழே ஏதோ.
நீளமாக. பழுப்புப் போர்வையா, பையா,
குப்பை வண்டி விட்டுப்போன சாக்கா.
பெரிதாக்கினாள். புள்ளிகள் பெரிதாயின,
அவ்வளவுதான்.
ஓரத்தில் வெளுப்பாக ஒன்று:
செருப்பின் அடி என்றால் அவர்.
காகிதம் என்றால் அது.
ஒரு திணையிலிருந்து இன்னொரு திணைக்கு
ஒரே சொடுக்கு.

படத்துக்கு நாற்பது நொடி.
மேற்பார்வையாளர் முரீதி எட்டிப் பார்த்தார்.
"பொருள் என்று போடு. அசைகிறதா என்ன?"
"அசையாமல் இருந்தால் ஆள் இல்லையா?"
"சாலையில் கிடந்தால்தான், ஜெரோடிச், காருக்குக் கவலை.
நடைபாதையில் கிடந்தால் யாருக்கு?"
கெட்டவர் அல்ல.
அவருக்கும் மேலே யாரோ ஒருவர் திரையில்
இந்த மாதம் அவருக்குக் கட்டம் சரியில்லை.

அவள் மஞ்சள் கட்டினாள்.
முழங்கால் இருக்கும் என்று தோன்றிய இடத்தில்
கொஞ்சம் தாராளமாக விட்டு,
குளிருக்கு.

மறுநாள் திரும்பி வந்தது, பிழை என்று.
தரம்: தொண்ணூற்றாறிலிருந்து தொண்ணூற்று நான்கு.
அந்த இரண்டுக்கு எத்தனை ஷில்லிங் பிடித்தம் என்று
கைபேசி சத்தமில்லாமல் சொன்னது.
மஞ்சளைச் சாம்பலாக்கக் கேட்ட பெட்டியில்
'சரி' என்று ஒரே பொத்தான்.
வீட்டு வாடகை ஐந்தாம் தேதி.
அழுத்தினாள்.

விடியும்போது மில் நின்றிருந்தது.
நடக்கும் வழியெல்லாம் கண் தன் வேலையை நிறுத்தவில்லை.
பால்காரரின் சைக்கிள், நீலம்.
மோட்டார் சைக்கிளில் மூன்று பேரும் ஓர் ஆடும்,
விதிப் புத்தகத்தில் இல்லை.
குட்டையில் தலைகீழாக நடக்கும் சிறுமி, அல்ல;
குட்டையைத் தாண்டும் சிறுமி, மஞ்சள்.

கரிக்கடை வாசலில் சாக்கு மூட்டைகள்.
வரிசையில் கடைசி மூட்டைக்கு
வடிவம் சரியாக இல்லை.
தாண்டிப் போய்விட்டாள்.
மூன்று கடை தள்ளி நின்றாள்,
நாற்பது நொடிக்கு மேலேயே இருக்கும்.
திரும்பி நடந்தாள்.

சாக்குதான்.
தொட்டுப் பார்த்த விரல்களில் கரி.
பகலெல்லாம்
கை கழுவாமல் தூங்கினாள்.