புரள இடம்

ரேகன்ஸ்பர்க். பிப்ரவரி. இரவு ஒன்றரை.
டான்யூப் கரையேறிவிட்டதாக வானொலி சொல்கிறது.
நிலவறையில் எனக்குக் கேட்பதெல்லாம்
காந்தம் மூச்சுவிடும் ஹீலியச் சீறல்.

சாவிக்கொத்தை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து
எம்மெரம் பம்பின் கைப்பிடியைச் சுற்றுகிறான்.
நூறு பார். முந்நூறு. ஐந்நூறு.
எண்ணை உரக்கச் சொல்வான்,
லிப்டில் மாடி எண்ணும் பிள்ளையைப் போல.
நாங்கள் போவதோ கீழே.
ஆயிரத்து நூறு தாண்டினால்
பூமியின் கடல்கள் அத்தனையும் மேலே நின்றுவிடும்.
அதற்கும் கீழே மீன் இல்லை, பெயர் இல்லை.

பென்சில் பருமன் பீங்கான் குழாய்க்குள்
மாட்டின் கணையத்திலிருந்து வந்த சிறு புரதம்.
ஐம்பத்தெட்டே மணி கோத்த சரம்,
சுருண்டு, தன்னையே முடிச்சிட்டுக் கிடக்கிறது.
கிடக்கிறது என்று எழுதிவிட்டேன். தப்பு.
கிடப்பது பாடப்புத்தகப் படம்.
இது நெளியும், விம்மும்,
லேசாக வாய் திறந்து தண்ணீரைத் தொட்டு மூடும்.
முப்பத்தைந்தாம் மணியில் ஒரு வளையம், ஆறு கரியணு;
எள் போட்டால் எள் விழாத அந்த நெருக்கத்துக்குள்
நொடிக்குப் பல நூறு தரம்
புரண்டு படுக்கிறது.

எப்படி முடியும் என்பார்கள் மாணவர்கள்.
மே மாதத் திருவிழாக் கூடாரம், நீள மேசை,
இரண்டு கையிலும் பீர்க் குவளையோடு ஒருத்தி திரும்ப வேண்டும்.
பக்கத்துத் தோள் ஒரு கணம் சரிய வேண்டும்,
எதிர் முழங்கை அதே கணம் உயர வேண்டும்.
அவள் எங்கே திரும்பினாள்?
மேசையே அவளைத் திருப்பிவிட்டது.

அழுத்தம் ஏறினால்
எந்தத் தோளும் சரிவதில்லை.

திரையில் வளையத்தின் இடமும் வலமும் ஒரே கோடு.
அந்த வேகத்தில் எது இடம், எது வலம்?
எண்ணூறில் கோடு அகன்றது.
ஆயிரத்தில் பனிமூட்டமாய்ப் பரவி
இரைச்சலுக்குள் கரைந்து
காணாமல் போனது.
"செத்துப்போச்சா?" என்றான் எம்மெரம்.
பன்னிரண்டு வருடமாக இதே இடத்தில் இதே கேள்வி.
"சுற்று" என்றேன்.

ஆயிரத்து எண்ணூறு.
மூன்று மணி வாக்கில், புல் தலைநீட்டுவதுபோல்
இரண்டு கோடுகள்.
இடம் ஒன்று, வலம் ஒன்று.
எப்போதும் இரண்டாகத்தான் இருந்திருக்கின்றன;
புரளும் வேகம் மூடி வைத்திருந்தது.

போன அக்டோபரில் இடுப்பெலும்பு உடைந்து
ஆறு வாரம் மல்லாந்து கிடந்தேன்.
இடப்பக்கம் சன்னல், கஷ்கொட்டை மரம், வெயில்.
வலப்பக்கம் சுவர், அதில் ஓர் ஆணித் துளை.
ஐம்பத்து மூன்று வயதுவரை
எனக்கு இரண்டு பக்கம் உண்டென்று
நான் கவனித்ததே இல்லை.
காலையில் ஸ்வெட்லா என்ற தாதியும் இன்னொருத்தியும் வந்து
மூன்று எண்ணி என்னைப் புரட்டுவார்கள்.
அந்த மூன்றுக்காக இரவெல்லாம் காத்திருப்பேன்.

நாலு மணி பத்து நிமிடம்: மெல்லிய 'ஸ்ஸ்'.
எங்கோ ஒரு வளையத் திருகு விட்டுக்கொடுத்தது.
எம்மெரம் சொன்ன வார்த்தை பவேரியாவிலும் அச்சேறாது.
முள் இறங்கியது. இரண்டு கோடுகளும்
ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து, மங்கி, மறைந்து,
ஒன்றாக எழுந்தன.
ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி புரண்டது வளையம்.
கோபத்தில் சிரித்துவிட்டேன்.

அவன் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தான்.
முட்டை வெள்ளைக்கரு. உணவுத்துறையின் பெரிய அழுத்தியில்
ஏழாயிரத்தில் வைத்து வாங்கி வந்தது.
தீ படவில்லை; வெந்ததுபோல் உறைந்து நின்றது,
சில்லென்று.
"இது திரும்பாது" என்று உப்பைத் தூவினான்.
எங்கே அந்த எல்லை, எந்த எண்ணில்?
இரண்டு பேரும் பேசாமல் தின்றோம்.
நன்றாகத்தான் இருந்தது.

விடியும்போது படியேறினேன், இடுப்பு கிறீச்சிட.
தெருவில் மணல்மூட்டை அடுக்கும் வரிசை,
ஈரக் கோட்டுகள், புகை, தோளோடு தோள்.
ஒருவர் சற்றே சரிந்தார்,
அடுத்தவர் மூட்டையை உயர்த்திப் பிடித்தார்.
பக்கவாட்டில் திரும்பி
நடுவே புகுந்து போனேன்.