ஏழரை மடங்கு

தலவாக்கலை தாண்டி ஏதோ ஒரு வளைவில்
அளவுத் திரவப் போத்தல் உடைந்துபோனது.
பையெல்லாம் ஈரம். மீட்டர் மட்டும் தப்பியது.

அதனால்தான் யோகசீலியிடம் உப்புக் கேட்டேன்,
அக்கரப்பத்தனைக்கு மேலே ஒரு கொழுந்து மடுவத்தில்,
பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில்.
அட்டைக்கென்று அவள் இடுப்பில் முடிந்திருந்த உப்பு.

பெரிய தராசின் நிழலில்
என் உள்ளங்கைத் தராசை வைத்தேன்.
"ஒரு கிராமா?" சிரித்தாள்.
"எங்களுக்கு ரெண்டு கிலோ கழிக்கிற எடம் மிஸ் இது."

பெற்றோல் செட்டில் வாங்கிய பேட்டரித் தண்ணி.
முதலில் அதன் வெறுமையை அளந்தேன்:
மூன்று. ஏறக்குறைய ஒன்றுமில்லை.
இத்தனை சுத்தமான நீரில்
மின்சாரத்தைச் சுமக்க ஆளில்லை.

ஒரு லீற்றருக்கு ஒரு கிராம்.
கரைந்தது என்கிறோம். பிரிந்தது என்பதே சரி.
சோடியம் ஒரு பக்கம், குளோரைட்டு மறுபக்கம்,
ஆளுக்கொரு தண்ணீர்ச் சட்டை மாட்டிக்கொண்டு
எதிரெதிர் முனைக்கு நடக்கத் தொடங்கின.
அந்த நடைதான் மின்னோட்டம்.

புத்தகம் சொல்வது இரண்டாயிரம், இருபத்தைந்து பாகையில்.
இங்கே பதினைந்து.
மீட்டர் ஆயிரத்து அறுநூறில் நின்றுவிட்டது.
உப்பு குறையவில்லை; குளிரில் தண்ணீர் தடித்து
அயன்களின் கால் பின்னுகிறது.
பாகைக்கு நூற்றில் இரண்டு என்று திருத்திக்கொண்டேன்.

இரண்டு கிராம், கிட்டத்தட்ட இரட்டிப்பு.
ஐந்து. பத்து.
தாளில் கோடு ஏறக்குறைய நேராகவே ஏறியது.
நூறு கிராமுக்கு முடிச்சை முழுதாய் அவிழ்க்க வேண்டியிருந்தது.
"எடுங்க, இன்னைக்கு வெயில்தானே."

பத்து மடங்கு உப்பு.
ஏழரை மடங்கு ஓட்டம்.
கோடு குனிந்துவிட்டது.

நெரிசல் என்றேன். ஒவ்வொரு அயனையும்
எதிர்ச்சுமைக்காரர்கள் சூழ்ந்து சட்டையைப் பிடித்திழுக்க
ஆள் கூடக்கூட ஆளுக்கு ஆள் வேகம் குறையும்.
"ஒத்தக் காம்பராவுல ஒம்பது பேரு" என்றாள்.
பிறகு, "ஏழரைன்னா நமக்குப் பழகினதுதானே."

மலைக்கு மேலே, பீலி வாயில், இருபத்துநான்கு.
லயத்துக்குக் கீழே அதே நீர் முந்நூற்றுப் பத்து.
என்ன கலந்திருக்கு என்று கேட்டாள்.
மீட்டருக்குத் தெரியாது.
கொழுந்துத் தராசு போலத்தான் அதுவும்:
பாரம் சொல்லும், யார் கை பறித்தது என்று சொல்லாது.
சுமையில்லாததை அது எண்ணுவதுமில்லை.
மலைக்கு வீசிய யூரியா, யூரியாவாகவே இருக்கும்வரை,
அதன் கண்ணில் படாமல் இறங்கிவிடும்.

நம்பவில்லை அவள்.
தன் சாயத் தேத்தண்ணியில் மீட்டரை அமுக்கினாள்,
இரண்டு கரண்டி சீனி போட்டுக் கலக்கினாள்,
எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
ஏறவில்லை.
"இவ்வளவு இனிப்பு! கணக்குல வரலியே!"
தேத்தண்ணியைக் கீழே ஊற்றாமல் குடித்தாள்.

கண்டிக்கு அனுப்ப ஆறு போத்தல் நிரப்பினேன்.
உப்புத் தண்ணீரை வடிகானில் கொட்டினேன்,
பிறகுதான் அது போகும் பக்கம் பார்த்தேன்.

மறுநாள் விடியமுன் மழை.
போத்தல்களை ஏற்ற வந்தபோது
பத்தாம் நம்பர் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்,
கணுக்காலில் இரத்தம் மழையோடு கலந்து வழிய.
தூரத்திலிருந்தே மூன்று விரல் காட்டினாள்.