மர சாம்பிள் – ஒன்று

கொல்லத்தில் கூலி கூடினபோது
எல்லை தாண்டி இப்பக்கம் வந்த அண்டி ஆபீஸ் எங்களுடையது.
களியக்காவிளை செக்போஸ்டிலிருந்து ரெண்டு கிலோமீட்டர்,
ரப்பர் தோட்டம் முடிகிற இடம்.
அண்டி வருவது முட்வாராவிலிருந்து, தான்சானியா.
வருஷம் ஒருதரம் நான் போய்
வெட்டிப் பார்த்து,
ஈரம், சொத்தை, கறுப்பு என்று எழுதி
விலையை இறக்கிவிட்டு வருவேன்.
அதுதான் வேலை. இறக்குவது.

முதல் முகமூடியைச் சந்தையில் வாங்கினேன்.
நூறு வருஷப் பழசு என்றான்.
லாட்ஜில் வந்து மோந்தால் செருப்புப் பாலிஷ்.
எங்கள் புரோக்கர் ஹமிசி விழுந்து விழுந்து சிரித்தான்.
மூஞ்சியை யார் பார்க்கச் சொன்னது,
உள்ளே பார்.
ஆடினவன் நெற்றி பட்ட இடம்
வேர்வை குடித்துப் புகையிலை நிறமாயிருக்கும்.

அப்புறம் பித்து.
மூடியில் ஒரு தலை செதுக்கிய மருந்துக் குடுக்கை,
பல் உடைந்த கருங்காலிச் சீப்பு,
ஓரத்தில் ஒரு வரி அச்சடித்த கங்கா துணிகள் எட்டு.
ஒன்றை ரெஜினாள் அடுப்பங்கரை ஜன்னலுக்குத் தைத்தாள்.
ஹமிசி போனில் வாசித்துச் சொன்னான்:
'பேசுகிறவர்கள் பேசட்டும், என் அடுப்பு எரிகிறது.'
அன்றே கழற்றி
வாசல் கதவில் மாட்டிவிட்டாள்.

ஏழாம் வருஷம், ராத்திரி,
சாக்கில் சுருட்டி ஒருத்தர் கொண்டு வந்தார்.
முழுத்தலை. ஒரே மரத்தில் குடைந்தது.
தேன்மெழுகில் ஒட்டின நிஜ மயிர்,
யாருடையதோ, கொஞ்சம் நரை.
கன்னத்தில் கீறல் கோடுகள்,
வீங்கினதுபோல் ஒரு பக்கம் இழுத்த வாய்.
ஆடுகிறவன் யாரென்று பெண்களுக்குத் தெரியக்கூடாது
என்று ஹமிசி மொழிபெயர்த்தான்.
தெரியாதா?
தெரியும். தெரிந்ததாகக் காட்டக்கூடாது.

உள்ளே புகையிலை நிறம்.
என் கை தானாகவே பின்மண்டையைத் தடவியது.
குண்டூசித் தலையளவு ஒரு துளை.
புழு இருக்கு, என்றேன்,
அண்டிக்குச் சொல்கிற அதே குரலில்.
அவர் துளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
பாதி விலைக்குத் தலையாட்டினார்.
எதற்கு விற்கிறார் என்று கேட்கவில்லை.
கேட்டால் விலை ஏறும்.

பில்லில் எழுதினேன்: மர சாம்பிள் – ஒன்று.
தூத்துக்குடி கஸ்டம்ஸில் ஒருவர் சாக்கைப் பிரித்தார்,
மூடினார்,
கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டார்.

ஹாலில் கண்ணாடிப் பெட்டி, மேலே விளக்கு.
வந்தவர்கள் எல்லாரும் எவ்வளவு ஆச்சு என்றார்கள்.
பாஸ்டர் மட்டும் அதற்கு முதுகு காட்டி
வழக்கத்தைவிட நீளமாக ஜெபித்தார்.

இந்த ஆனி மழையில் பெட்டிக்குள் மாவு.
குழந்தைக்குப் போடும் பவுடர் போல.
காலையில் துடைத்தால் மறுநாள் காலை மறுபடியும்.
அன்றைக்குச் சொன்னது பொய்யில்லை என்று
எனக்கொரு சந்தோஷம் வந்ததே,
அதை எங்கே கொண்டு வைக்க.

குடோனில் இருநூறு மூட்டையோடு
அதையும் தார்ப்பாய்க்குள் வைத்து
மருந்து மாத்திரை போட்டு
ஓரமெல்லாம் மணல் பை அடுக்கி மூடினேன்.
நான்காம் நாள் திறந்து காற்றாட விட்டிருந்தார்கள்.
நான் போகுமுன்பே ஸ்டெல்லாபாய்
மூட்டை இழுக்க வந்தவள்
அதை மடியில் வைத்திருக்கிறாள்.
தோட்டெண்ணெய் கரித்த விரல்களால்
பேன் பார்ப்பதுபோல் மயிரைக் கோதிக்கொண்டு.

பெண்கள், என்று வாயெடுத்தேன்.
"இது யாராக்கும் சார்?"
முகமூடி. ஆப்பிரிக்கா.
"அது தெரியும். யாரு?"

தேதி இருக்கிறது என்னிடம்.
எடை இருக்கிறது.
பாதி விலை இருக்கிறது.

"பாவம், பல்லுவலிக்காரன்," என்று அவளே முடிவு செய்து
இறக்கி வைத்துவிட்டு மூட்டைக்குப் போனாள்.

ஹமிசிக்குப் போன் போட்டேன்.
அந்த ஆள் பேர் என்ன?
எந்த ஆள், எத்தனை பேர் கொண்டு வந்தார்கள்.
புழு இருந்ததே, அது.
அந்தப் பக்கம் காற்றோ மழையோ, கொஞ்ச நேரம்.
பிறகு கேட்டான்,
இந்த சீசனுக்கு அண்டி என்ன விலை போடுவீர்கள்?