ஒரு சாண்

வாங்கியபோது இந்தப் பண்ணைவீட்டுக்கு
எண்பத்தாறு வயது.
எங்கள் விண்ணப்பத்துக்கு ஒன்றரை.

வடக்குச் சுவரைப் பிரித்தோம்.
இரண்டு பலகைகளுக்கு நடுவே
யாரோ எப்போதோ கொட்டி நிரப்பிய மரத்தூள்
சரசரவென்று சரிந்தது.
மூன்று நாள் காப்பியில் மிதந்தது,
ரௌனோவின் புருவத்தில் பனிபோல் உட்கார்ந்தது.

தச்சர் வெய்க்கோ ஒரு பிடி அள்ளி முகர்ந்தார்.
"கெடவில்லை. இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.
வருஷத்துக்கு ஒரு தீக்குச்சித் தடிமன்.
மேலே பார், கூரையை ஒட்டி
ஒரு சாண் காலி.
குளிர் அந்த வழியாகத்தான் வரும்."

வீடு முடியும்வரை சவுனாவில்தான் படுக்கை.
அன்றிரவு இருட்டில்
என் விலா எலும்பை நானே தட்டிப் பார்த்தேன்,
எதுவரை நிரம்பியிருக்கிறேன் என்று.

பைவிக்கி வந்தாள், நகராட்சிக் கோப்போடு.
வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுக்
கம்பளிக் காலுறையோடு எல்லா அறையும் நடந்தாள்,
தரையில்லாத அறையில் உத்தரத்தின் மேல்.
கிணற்று மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.
எதற்குச் சண்டை போடுவீர்கள் என்று கேட்டாள்.
"ரசமட்டத்தைக் கடைசியாக எங்கே வைத்தது
யார் என்பதற்கு" என்றான் ரௌனோ.
அதையும் எழுதிக்கொண்டாள்.

குழந்தையின் வயது: பூஜ்யம் முதல் ஐந்து வரை.
அப்படித்தான் படிவத்தில் இருக்கிறது.
பூஜ்யத்துக்கும் ஐந்துக்கும் நடுவே
மாடிப்படியின் கைப்பிடியை
எந்த உயரத்தில் பொருத்துவது?
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
ஒரு ஞாயிறு முழுக்க நின்றான்.

நவம்பரில் போன் வந்தது.
பரண் ஜன்னலில் மட்டும்தான் சிக்னல்.
பலகை போடாத படிகளில்
ஆடுபோல் தாவி ஏறினான்.
பையன். நான்கு வயது.
பெயர் இப்போது சொல்லக்கூடாதாம்.

மறுநாள் பக்கத்துப் பண்ணை ஏலிஸைக் கூப்பிட்டு,
கையில் ஒரு பிஸ்கட் கொடுத்து,
கதவோரம் நிற்கவைத்து
"கையைத் தூக்கு, எட்டுகிற வரை" என்றான்.
எட்டிய இடத்தில் ஒரு கோடு.
கோட்டின்மேல் கொக்கி:
ஏரிக்கரை ஜூனிப்பரில் அவனே தேடி வெட்டிய
ஒரு சின்னக் கவை.

பதினோராம் நாள் மறுபடியும் போன்.
பையனுக்கு ஓர் அத்தை இருக்கிறாளாம்,
ரோவனியெமியில். அவள் முன்வந்துவிட்டாளாம்.
"நல்லதுதானே" என்றேன்.
நல்லதுதான்.
சொந்த ரத்தம், தெரிந்த முகம், நல்லதுதான்.
கிணற்றடிக்குப் போய் வாளியை உதைத்தேன்.
தண்ணீர் உறைந்து கல்லாகியிருந்தது;
கால்விரல் ஜனவரிவரை நீலம்.

அந்தக் குளிர்காலத்தில்தான் ஒரு சாணை நிரப்பினோம்.
நான் ஏணியில், அவன் கீழே மூட்டையோடு.
பிடிப் பிடியாகத் திணித்து
முஷ்டியால் குத்தி இறுக்கினேன்.
பேசவில்லை.
பேசினால் தூள் வாய்க்குள் போகும்.

பனி உருகியதும் ரை மாவும் செங்காவியும்
அண்டாவில் போட்டுக் காய்ச்சினோம்,
சுவருக்குக் கஞ்சி.
இரண்டு பூச்சு.
தூரத்திலிருந்து பார்த்தால்
வீடு இப்போதுதான் பிறந்ததுபோல் சிவப்பாக இருக்கிறது.

ஜூனில் எங்கள் அனுமதி காலாவதியானது.
புதுப் படிவம், பழைய கேள்விகள், அதே பைவிக்கி;
காலுறை மட்டும் மெல்லியது.
கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள்
(கடைசியில் இரண்டு பொருத்தினான், மேலொன்று கீழொன்று).
சண்டை பற்றிக் கேட்கவில்லை.
கதவருகே நின்றுவிட்டாள்.

"இந்தக் கொக்கி ஏன் இவ்வளவு தாழ்வாக இருக்கிறது?"

ரௌனோவின் தொப்பி அதில் தொங்கியது.
தினமும் சாயங்காலம் உள்ளே வந்ததும்
ஆறடி ஆள் பாதியாக மடிந்து
அதை மாட்டுவான்.
காலையில் மறுபடி மடிந்து எடுப்பான்.
ஆணியில் என் கோட்டுக்குப் பக்கத்தில்
இடம் இருக்கிறது. நான் சொன்னதில்லை.

"முதுகுக்கு நல்லது" என்றான்.

பைவிக்கியின் பேனா
காகிதத்துக்கு மேலே சற்று நேரம் நின்றது.
பிறகு அதை மூடிப் பையில் போட்டுக்கொண்டு
காப்பி இருக்கிறதா என்று கேட்டாள்.