இரண்டாம் கொதி

காதுக்குக் கீழே, கன்னத்தின் ஓரம்,
உள்ளங்கை அகலம்.
ஒரு பக்கம் ஆறித் தழும்பாகிக்கொண்டே
மறு பக்கம் நகர்கிறது,
கோடையில் சையத் பாஷா மலையில்
புல் எரிகிற விதமாய்:
நடுவில் கருகல், விளிம்பில் மட்டும் தீ.

முனிரத்தினம்மா. வயது முப்பத்தாறு,
எடை நாற்பத்தொன்று.
பர்கூர் பக்கம் மாங்கூழ் ஆலையில்
பருவத்துக்கு மட்டும் வேலை.
ஆறு வருடமாய்ப் படை என்றே சொல்லியிருக்கிறார்கள்.
மருந்துக்கடைப் பையன் தந்த களிம்புகள்,
நாற்பது ரூபாய், அறுபது ரூபாய்,
பூசினால் ஒரு வாரம் வெளுக்கும்
விட்டால் முன்னைவிடச் சிவக்கும்.
சூளகிரியில் ஒருவர் அதைச் சுற்றி
மையால் வட்டம் போட்டு மந்திரித்தாராம்.
வட்டத்தை அது தாண்டிவிட்டது.

மஞ்சள் பையிலிருந்து பழைய சீட்டுகளை
ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தாள்.
நான்காவதில் என் கையெழுத்து.
போன வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை,
நூற்று எழுபதாவது ஆளாக வந்திருப்பாள்.
படைக்கு மாத்திரை, பதினைந்து நாள்.
நிமிர்ந்து பார்த்தேனா, நினைவில்லை.
அவளுக்கு இருந்திருக்கும். சொல்லவில்லை.

பஞ்சால் தொட்டேன். கண்ணை மூடிக்கொண்டு
தொட்ட இடமெல்லாம் சரியாகச் சொன்னாள்.
"அப்போ பெருவியாதி இல்லையா?"
கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.
ஆலையில் அவளுக்குத் தனி டம்ளராம்.

பிறகு கண்ணாடி.
ஸ்லைடை வைத்து அழுத்தினால்
ரத்தம் விலகி, சிவப்பு போய்,
அடியில் இருப்பது தெரியவேண்டும்.
ஆப்பிள் ஜெல்லி நிறம் என்கிறது பாடப்புத்தகம்.
பாடப்புத்தகத்தின் கன்னம் வெள்ளை.
எங்கள் கறுப்பில் அது ஒளிந்துகொள்ளும்.
ஜன்னலருகே அவளை நிறுத்தி
சாய்த்து, திருப்பி, மூச்சடக்கிப் பார்த்தேன்.
இருந்தது.
புள்ளி புள்ளியாய், பழுப்பு மஞ்சள்.

செல்போனில் படமெடுத்துக் காட்டி
"ஆப்பிள் பாகு மாதிரி" என்றேன்.
விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.
"ஆப்பிளா? இது பெங்களூரா மாங்கா, மேடம்.
ரெண்டாம் கொதியில இந்தக் கலர் வந்ததும்
வால்வை மூடிடணும்.
விட்டா தொட்டி முழுக்கக் கருகிடும்."

இத்தனை சுருக்கமாய் நோயின் போக்கை
எனக்கு யாரும் நடத்தியதில்லை.

முன்கையில் ஊசி. மூன்றாம் நாள்
பதினெட்டு மில்லிமீட்டர் தடிப்பு.
சதைத் துணுக்கு ஃபார்மலினில் மிதந்தபடி
பேருந்தேறித் தர்மபுரி போனது.
கிருமி தென்படவில்லை என்று முடிவு வந்தது.
தென்படாது, இந்த வகையில் அது அபூர்வம்.
அதை எதிர்த்து அணுக்கள்
வட்டம் வட்டமாய் அணைத்து நின்ற தடம்தான் இருந்தது.
காசநோய். தோலில்.

"எனக்கு இருமலே இல்லையே?"
"உங்களுக்கு இல்லை" என்றேன்.
அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை.
வெளியே பெஞ்சில் திம்மராயன்,
கிரானைட் பாலிஷ் பட்டறை ஆள்,
எட்டு மாதமாய்க் கல்தூசு என்று சொல்லிச் சொல்லித்
துண்டுக்குள் இருமுகிறவன்,
பெண்டாட்டி கன்னத்தைக் காட்டத் துணைக்கு வந்தவன்.
எக்ஸ்ரேயில் வலது நுரையீரல் உச்சியில் ஒரு பொந்து.
யாரிடமிருந்து யாருக்கு என்று கேட்டான்.
தெரியாது என்றேன்.
உண்மையிலேயே தெரியாது.

அவளுக்கு மூன்று மாத்திரை, அவனுக்கு நான்கு.
காலையில், வெறும் வயிற்றில், ஆறு மாதம்.
பாதியில் நிறுத்தக்கூடாது என்பதை
மூன்று முறை சொன்னேன்.
ஒன்றுக்கு ஆரஞ்சாகப் போகும், பயப்படாதீர்கள்
என்றதற்குச் சிரித்தாள்:
"ஜூன் மாசம் எங்க ஆலைச் சாக்கடையே அப்படித்தான்."

ஐந்தாம் வாரம் வந்தபோது
விளிம்பை ஒட்டிப் பேனாக்கோடு.
தாண்டுகிறதா பார்க்கத் தானே போட்டாளாம்.
தாண்டவில்லை.
கோட்டிலிருந்து ஒரு நெல் அகலம்
உள்ளே பின்வாங்கியிருந்தது.
தழும்பு போகாது என்றேன்.
"டம்ளர் போயிடுச்சு மேடம்" என்றாள்.

என் பாக்கெட்டில் இப்போதெல்லாம் ஒரு ஸ்லைடு.
செவ்வாய்க்கிழமைகளில்
நூற்று எழுபதாவது ஆளையும்
ஜன்னல் வரை நடக்கச் சொல்கிறேன்.
வரிசை முணுமுணுக்கிறது.