முதுகுப் பக்கம்

கருப்பு. இருநூற்று நாற்பது ஜி.எஸ்.எம்.
மாரில் ஆணியடித்த நாற்காலி,
முதுகில் முப்பத்தோரு ஊர்.
அதற்கும் மேலே, கொட்டை எழுத்தில்: கடைசிச் சுற்று.

சல்ஃபர் டிரிபியூனல் விடைபெறுகிறதென்று
உலகத்துக்குத் தெரியப் பதினோரு நாள் முன்பே
திருப்பூரில், ஒரு தகரக்கூரைக்குக் கீழே,
எங்கள் மூன்று பேருக்குத் தெரியும்.
வெளியே சொல்லக்கூடாதென்று
மெர்ச்சண்டைசர் கையெழுத்து வாங்கியிருந்தார்.
யாரிடம் சொல்ல?
பக்கத்து மேஜையில் ஏலச்சீட்டுத் தகராறு.

நூர்தீன் நம்பவில்லை.
"மூணாவது தடவைங்க இது.
போறேன் போறேன்னு சொல்லிப்போட்டு
வாசப்படியிலயே நிக்கற ஒறம்பரையாட்டம்."

சென்னியப்பன் ஸ்க்வீஜியைக் கீழே வைத்தான்.
"ரண்டாவது கிட்டார்காரனத் தாட்டி உட்டாங்கல்ல,
அன்னைக்கே முடிஞ்சுது."
அது தொண்ணூற்று நாலில் நடந்தது.
போன வாரம் பிரித்த பூமி போல
இன்னமும் இவர்கள் இரண்டு கட்சி.

நான் டிரம்மருக்காகப் பேசினேன்.
அறுபத்து மூன்று வயது,
ரெண்டு பெடலையும் அந்த வேகத்தில் மிதிப்பதென்றால்
பழைய தறிக்கே மூச்சு வாங்கும்.
"தறிக்கு மோட்டார் இருக்குது" என்றான் சென்னியப்பன்.

ஆறு வருஷமாக எங்கள் ஸ்பீக்கரைச் சகித்துக்கொண்டு
செக்கிங்கில் உட்கார்ந்திருக்கும் டெய்சி
நூல் பிசிறை நறுக்கியபடியே கேட்டாள்:
"மொதல்ல இருந்த நாலு பேர்ல
இப்ப ஒருத்தருதான?
பொறவெப்படி அதே பேண்டு?"

கொஞ்ச நேரம் டிரையர் மட்டும் ஓடியது.
"நொய்யலுக்கு இன்னமும்
நொய்யல்னுதான பேரு" என்றான் நூர்தீன்.

நாங்கள் யாரும் அவர்களை நேரில் பார்த்ததில்லை.
பெங்களூருக்கு வந்த வருஷம் ஷிப்மெண்ட்.

இரண்டாவது லாட் ஓடுகிறது,
அங்கே பதினேழு ஊர் முடிந்துவிட்டது.
மெயில் வந்தது: பத்தொன்பதாம் வரியை எடுத்துவிடவும்.
காரணம் இல்லை.
பாடகரின் தொண்டையில் இரண்டு வருஷம் முன்பு
கத்தி வைத்தது மூவருக்கும் ஞாபகம் வந்தது.
ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.
மறுநாள் காலை: இருபது முதல் இருபத்து நாலு வரை.
பொழுதோடு: மீதி எல்லாம்.

ஸ்க்ரீனில் ஒரு வரியை அடைக்க
சுண்டுவிரல் அகலத்துக்கு ப்ளாக்கர் போதும்.
நான்தான் பூசினேன்.
டோர்ட்முண்ட். லிஸ்பன்.
வாயில் நுழையாத இரண்டு போலந்து ஊர்.
டிக்கெட் வாங்கி வைத்திருந்தவன் எவனுக்கும்
இன்னும் தெரியாது.
பதின்மூன்று கூட்டத்தைக் கலைத்துவிட்டு
பிரஷ்ஷைக் கழுவி வைத்தேன்.

ஏற்கெனவே அடித்தது இருநூற்றுப் பன்னிரண்டு பீஸ்.
வெட்டித்தான் வேஸ்ட்டுக்குப் போடவேண்டும், ஒப்பந்தம் அப்படி.
ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளலாமே என்றேன்.
"நடக்காத கச்சேரிக்குப் போட்டுட்டுப் போறதுக்கா?"
சென்னியப்பன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.
டெய்சி வெட்டினாள், குறுக்கே, ஊர் ஊராக.
கோயமுத்தூரில் ஏதோ ஒரு லேத்துப் பட்டறையில்
லிஸ்பன் இப்போது ஆயில் துடைக்கும்.

செய்தி வெளியே வந்த ராத்திரி
நூர்தீன் போன் பண்ணினான். மணி ஒன்றரை.
"ஆரு சொன்னா முடிஞ்சுதுன்னு?
வாசப்படியிலதான் நிக்கறாங்க" என்றான்.
நான் ஆமாம் என்றேன்.
அப்புறம் ரண்டாவது கிட்டார்காரனைப் பற்றி
இரண்டு மணி வரைக்கும் சண்டை.

அதே ஸ்க்ரீனைக் கழுவி
அடுத்த ஆர்டருக்கு எடுத்தோம்:
குழந்தைச் சட்டை, மஞ்சள் முயல்.
எவ்வளவு தேய்த்தாலும் வலையில் பழைய எழுத்து
முழுசாகப் போகாது.
ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தால்
முயலின் இரண்டு காதுக்கும் நடுவில்
பதினெட்டாம் ஊர்.

துணியில் விழாது. தெரியும்.
ஆனாலும் முதல் பீஸை
வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்ப் பார்த்தேன்.

முயல்தான்.