சாக்பீஸ் யார் கையில்

எங்கள் வீட்டுக்குக் கீழே கேரம் கிளப்.
வியாசர்பாடியில் இது அதிசயமில்லை.
இரண்டு பலகை, தலைக்கு மேல் தாழத் தொங்கும் பல்பு,
ஷட்டருக்கு உட்பக்கம் ஒரு சிலேட்டு.
அதில் ஓர் எண். அவ்வளவுதான் நிர்வாகம்.

நுழைகிறவன் ஒன்று கூட்டி எழுதணும்,
போகிறவன் ஒன்று கழித்து எழுதணும்.
சுழி போடுகிறவன் விளக்கணைத்து
ஷட்டரை இறக்கணும்.
கரண்டு பில்லுக்குப் பயந்து
டில்லிபாபு போட்ட சட்டம்.

மேலே நான்.
நாலு நாளாக என் புரோகிராம் செத்துக்கொண்டிருக்கிறது.
ஒரே இடத்தில் செத்தாலாவது பரவாயில்லை.
ஆயிரம் தடவை ஒழுங்காக ஓடிவிட்டு
ஆயிரத்தோராவதில் எங்கேயோ போய் விழுகிறது.
யாரோ விடுவித்த நினைவகத்தை
யாரோ இன்னும் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள்.
யார்? பன்னிரண்டு திரெட்.
கேட்டால் பன்னிரண்டும் கற்பூரம் அடிக்கும்.

செவ்வாய் இரவு பல்பு விடிய விடிய எரிந்தது.
காஜாவும் ஜெரோமும் ஒன்றாகக் கிளம்பினார்களாம்.
சிலேட்டில் இரண்டு.
இவன் பார்த்தான், அவனும் பார்த்தான்.
இவன் ஒன்று என்று எழுதினான்,
அதன் மேலேயே அவனும் ஒன்று என்று எழுதினான்.
இல்லாத ஒருவனுக்காக எரிந்தது விளக்கு.
"பொய்க் கணக்கு" என்றார் டில்லிபாபு.
பொய்யில்லை.
பார்த்ததற்கும் எழுதியதற்கும் நடுவே
உண்மை பழசாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை இன்னும் மோசம்.
மூன்றைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் நுழைந்தார்கள்,
இருவரும் நான்கு என்று எழுதினார்கள்.
உள்ளே ஐந்து பேர்.
நாலாவதாகப் போனவன் சுழி போட்டான்.
எண்ணை நம்பினவன் ஆளைத் தேடவில்லை.
எத்திராஜ் மூலைப் பலகைக்கு அடியில்
சிவப்புக் காயைத் துழாவிக்கொண்டிருந்தான்.
"டேய், நான் கீறேன்டா!"
தகரத்தில் அவன் அறைந்த அறையில்
என் மேஜைத் தண்ணீர் நடுங்கியது.
அட, என் பிழை இதுதான்:
பூட்டின இருட்டில், கையில் சிவப்போடு.

மறுநாள் ஒரே ஒரு சாக்பீஸ், நைலான் கயிற்றில்.
அது கையில் இல்லாதவன் எண்ணைப் பார்க்கவே கூடாது.
பார்ப்பது, மாற்றுவது, எழுதுவது
மூன்றும் ஒரு மூச்சு.
(எவனோ அதை இரண்டாக உடைத்து
"இப்ப ரெண்டு பேர் எழுதலாம்ல" என்றான்.
வாங்கிக் கட்டிக்கொண்டான்.)
நானும் என் கூட்டலைப்
பிளக்க முடியாததாக்கினேன்.
பத்தாயிரம் தடவை ஓடியது.
பிறகு செத்தது.

ஞாயிறன்று ஜெரோமுக்கு ஸ்டான்லியில் நாலு தையல்.
தெருமுனையில் விளக்கைப் பார்த்து ஓடி வந்திருக்கிறான்.
அதற்குள் காஜா, சாக்பீஸ் பிடித்து, முறைப்படி,
சுழி போட்டு, விளக்கணைத்து, ஷட்டரை இழுத்திருக்கிறான்.
சிலேட்டைத் தொடக் குனிந்து நுழைந்த தலைமேல்
இறங்கியது தகரம்.
"எரிஞ்சுதுப்பா, என் கண்ணால பார்த்தேன்."
பார்த்தாய் ஜெரோம். பிடிக்கவில்லை.
சிலேட்டு அறைக்குள்ளே இருக்கிறது.
அறையே போகிற நேரத்தில்
எந்தச் சாக்பீஸ் உன்னைக் காப்பாற்றும்?

இப்போது புதுச் சட்டம்.
வெளியே நின்று குரல் கொடு.
ஏற்கெனவே எண்ணிக்கையில் இருக்கிறவன்
உனக்காக ஒன்று கூட்டி எழுதிவிட்டுக்
கையை நீட்டுவான். அதைப் பிடித்து வா.
குரல் வராவிட்டால்
எவ்வளவு வெளிச்சமிருந்தாலும் திரும்பிப் போ.

அதையே எழுதினேன், பதினொரு வரி.
மூன்று மணி நேரமாக ஓடுகிறது.
சாகவில்லை என்பதற்குச் சாகாது என்று அர்த்தமில்லை,
தெரியும். டீ ஆறிவிட்டது.

கீழே யாரோ கேட்கிறார்கள்,
"உள்ள யார்னா கீறீங்களா?"

பதில் இல்லை.
பல்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது.
செருப்புச் சத்தம் எருக்கஞ்சேரி ரோட்டுப் பக்கம்
மெதுவாகத் திரும்பிப் போகிறது.